வீட்டுல ஒரு பக்கம், கடையில ரெண்டு பக்கம்: வேர்டில் வரிகள் ஏன் நகருது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்திச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

[00:00] இன்னைக்கு என்ன பேசப் போறோம்

தக்கலையில இருந்து பேசுறேன். சென்னை, பெங்களூருல இருந்து கேக்கிறவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்: நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவுல, பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்துல இருக்கிற ஊர் இது. கல்குளம் வட்டத்தோட தலைமையிடம். தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊர்ல மனு இருக்கும். மனு இருந்தா டைப்பிங், ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் எல்லாம் இருக்கும்.

அதனால இந்த ஊர்ப் பக்கம் அடிக்கடி காதுல விழுற ஒரு டயலாக் இது: "வீட்டுல நல்லாத்தான மக்கா இருந்து, இங்க வந்ததும் ஏன் இப்படி ஆச்சு?" வீட்டு லேப்டாப்ல ஒரே பக்கத்துல கச்சிதமா நின்ன மனு, கடை கம்ப்யூட்டர்ல ரெண்டு பக்கமா விரிஞ்சு கிடக்கும். வலது ஓரத்துல இருந்த "தங்கள் உண்மையுள்ள" அடுத்த வரிக்கு உருண்டு போயிருக்கும். அதை விட மோசம், ரெண்டாவது பக்கத்துல கையெழுத்து போடுற இடம் மட்டும் தனியா நிக்கும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. மேல ஒரு வரி கூட இல்லாத பேப்பர்ல உங்க கையெழுத்து இருக்குன்னா, அந்தப் பேப்பரை வேற எதோடயும் சேர்த்து வைக்கலாம். வெறுந்தாள்ல கையெழுத்துப் போடாதேன்னு வீட்டுப் பெரியவங்க சொல்றதுக்கு அர்த்தம் இருக்கு. அதனால இன்னைக்கு ஒரே ஒரு மனுவை எடுத்துக்கிட்டு, அதுல வரி, இடைவெளி, ஓரம் எல்லாம் ஏன் நகருது, நகராம எப்படி நிறுத்துறதுன்னு பாக்கலாம். ரெசியூமே, காலேஜ் ப்ராஜெக்ட், கல்யாணப் பத்திரிகை மேட்டர் எல்லாத்துக்கும் இதே வைத்தியம்தான்.

[02:40] முதல்ல லைட்டைப் போடுங்க

நம்ம மனு எப்படி இருக்கும்? மேல "அனுநர்", நம்ம முகவரி. அப்புறம் "பெறுநர்", வட்டாட்சியர் அவர்கள், கல்குளம் வட்டம், தக்கலை. "பொருள்" ஒரு ரெண்டு வரி. அப்புறம் ரெண்டு பத்தி. கடைசியில இடது பக்கம் "இடம்: தக்கலை", "நாள்", அதே வரியில வலது பக்கம் "தங்கள் உண்மையுள்ள".

இந்த ஃபைலைத் திறந்துட்டு, வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூணையும் சேர்த்து அமுக்குங்க. ஹோம் டேப்ல ¶ இப்படி ஒரு குறி இருக்கும், அதைக் கிளிக் பண்ணாலும் சரி. லிப்ரே ஆபீஸ்னா கன்ட்ரோல் + எஃப்10. கூகுள் டாக்ஸ்ல வியூ மெனுவுல அச்சாகாத குறிகளைக் காட்டுற ஆப்ஷன் இருக்கு.

அமுக்கினதும் பக்கம் முழுக்க ஏதோ கொசு மொய்ச்ச மாதிரி ஆகும். பயப்படாதீங்க, இதெல்லாம் பிரிண்ட்ல வராது. ஒரு சின்னப் புள்ளின்னா ஒரு ஸ்பேஸ். அம்புக்குறின்னா டேப். ¶ குறின்னா அங்க எண்டர் அடிச்சிருக்கீங்க, ஒரு பத்தி முடிஞ்சது. வளைஞ்ச அம்பு (↵) இருந்தா ஷிஃப்ட் + எண்டர், அதாவது வரி மட்டும் மாறியிருக்கு, பத்தி முடியலை. டிகிரி குறி மாதிரி ஒரு சின்ன வட்டம் தெரிஞ்சா அது பிரியாத ஸ்பேஸ். வெப்சைட்ல இருந்து காப்பி பண்ணும்போது நமக்குத் தெரியாமலே கூட வரும் விருந்தாளி அது.

இப்ப நம்ம மனுவைப் பாருங்க. "இடம்: தக்கலை"க்கும் "தங்கள் உண்மையுள்ள"வுக்கும் நடுவுல நாப்பது புள்ளி வரிசையா நிக்கும். "பொருள்" வரியோட ரெண்டாவது வரிக்கு முன்னாடி பத்துப் பதினஞ்சு புள்ளி. பத்திக்கும் பத்திக்கும் நடுவுல ரெண்டு மூணு ¶. நகருற எல்லாத்துக்கும் காரணம் இங்கயே இருக்கு. படத்துல பாக்க சரியா இருக்கிற மாதிரி நாம கையால முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கோம். "இது வலது ஓரம்"னு வேர்டுக்கு நாம சொல்லவே இல்லை.

[05:30] ஸ்பேஸ் ஏன் ஏமாத்துது?

ஒரு கணக்கு சொல்றேன். டைம்ஸ் நியூ ரோமன் ஃபாண்ட்ல ஒரு ஸ்பேஸோட அகலம், எழுத்து அளவுல கால் பங்கு. 12 பாயிண்ட்னா ஒரு ஸ்பேஸ் 3 பாயிண்ட். நாப்பது ஸ்பேஸ் 120 பாயிண்ட். ஏரியல் ஃபாண்ட்ல அதே ஸ்பேஸ் சுமார் 3.3 பாயிண்ட். நாப்பது சேர்ந்தா 133 பாயிண்ட் கிட்ட. ஒரு அங்குலத்துக்கு 72 பாயிண்ட். ஆக ஃபாண்ட் ஒண்ணு மாறினாலே அந்த வரி ஏறக்குறைய 4.7 மில்லிமீட்டர் தள்ளிப் போயிரும். "உண்மையுள்ள" வலது ஓரத்துல முட்டிக்கிட்டு நின்னதுன்னா, இந்தத் தள்ளலே அதை அடுத்த வரிக்குக் கவிழ்த்திரும்.

அப்ப ஸ்பேஸ் தட்டித் தட்டி நேர் பண்ற பழக்கம் எங்க இருந்து வந்துது? டைப்ரைட்டர்ல இருந்து. அதுல ஒரு தட்டுக்கு வண்டி ஒரே அளவுதான் நகரும். அஞ்சு தட்டு தட்டினா பத்தித் தொடக்கம், முப்பது தட்டினா வலது பக்கம்னு கணக்கு வெச்சா அது தப்பவே தப்பாது. ஊர் ஊருக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல லோயர், ஹையர் படிச்ச தலைமுறை அந்தக் கைப்பழக்கத்தோடதான் கம்ப்யூட்டருக்கு வந்தாங்க. நாம அவங்களைப் பாத்துக் கத்துக்கிட்டோம்.

அதுக்கும் முன்னாடி ஈய எழுத்து அச்சுல, இடைவெளின்னா கையில எடுக்கிற ஒரு துண்டு. கம்போசிட்டர் எழுத்து எழுத்தா கோத்து, சொல்லுக்கு நடுவுல எழுத்தே இல்லாத வெத்துத் துண்டுகளைச் சொருகுவார். வரி முழு அகலத்துக்கும் இறுக்கமா நிக்கணும், இல்லேன்னா மொத்த பக்கத்தையும் தூக்கும்போது எழுத்து கொட்டிரும். வரிக்கு வரி நடுவுல ஈயப் பட்டை வைப்பாங்க. இன்னைக்கு டிசைனர்ஸ் வரி இடைவெளியை "லெடிங்"னு சொல்றது அந்த ஈயத்தோட ஆங்கிலப் பேர்ல இருந்து வந்ததுதான்.

டைப்ரைட்டர்லயும் ஈயத்துலயும் இடைவெளிக்கு நிலையான அளவு இருந்தது. வேர்டுல அப்படி இல்லை. ஃபாண்ட் மாறினா, சைஸ் மாறினா, ஜஸ்டிஃபை போட்டா, ஸ்பேஸ் விரியும், சுருங்கும். அது ரெண்டு சொல்லைப் பிரிக்க மட்டும்தான். அளவெடுக்கிற வேலையை அதுகிட்டக் கொடுக்கக் கூடாது.

[08:50] முட்டுக்குப் பதிலா என்ன?

சரி, மனுவை ஒவ்வொரு இடமா சரி பண்ணுவோம்.

முதல்ல கையெழுத்து வரி. வியூ டேப்ல ரூலர் ஆன் பண்ணுங்க. ரூலரோட இடது மூலையில ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதைக் கிளிக் பண்ணப் பண்ண குறி மாறும். ரைட் டேப் குறி வந்ததும் நிறுத்திட்டு, ரூலர்ல வலது மார்ஜின் ஓரத்துல ஒரு கிளிக். இப்ப "இடம்: தக்கலை"ன்னு அடிச்சு, டேப் கீயை ஒரே ஒரு தடவை தட்டி, "தங்கள் உண்மையுள்ள"ன்னு அடிங்க. அது வலது ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு, இடது பக்கமா வளரும். ஃபாண்ட் மாத்தினாலும் அதோட வால் ஓரத்தை விட்டு வராது. கூகுள் டாக்ஸ்ல ரூலர் மேல கிளிக் பண்ணினாலே ரைட் டேப் ஸ்டாப் கேக்கும்.

ரெண்டாவது, "பொருள்". முதல் வரி ஓரத்துல இருந்து தொடங்கணும், அடுத்த வரி "பொருள்"ங்கிற சொல்லைத் தாண்டி உள்ள தொடங்கணும். இதுக்குப் பேரு ஹேங்கிங் இண்டென்ட். பேரகிராஃப் பாக்ஸைத் திறந்து, ஸ்பெஷல்னு இருக்கிற இடத்துல ஹேங்கிங் எடுத்து, 2 சென்டிமீட்டர்னு கொடுங்க. "பொருள்:" அடிச்சு ஒரு டேப், அப்புறம் விஷயம். ரெண்டாவது வரி தானா கீழ வந்து நேரா நிக்கும். பத்தித் தொடக்கத்துக்கு உள்ள தள்ளணும்னா அதே இடத்துல ஃபர்ஸ்ட் லைன். ஸ்பேஸ் வேண்டாம்.

மூணாவது, பத்திகளுக்கு நடுவுல இடைவெளி. வெறும் எண்டர் அடிச்சா, அந்த வெத்துப் பத்திக்கும் ஒரு ஃபாண்ட், ஒரு சைஸ், ஒரு இடைவெளி உண்டு. அதை யாரும் கவனிக்க மாட்டாங்க, ஆனா இடத்தை அது தின்னும். பேரகிராஃப் பாக்ஸ்ல "பிஃபோர்", "ஆஃப்டர்"னு ரெண்டு கட்டம் இருக்கு. ஆஃப்டர்ல 6 பாயிண்ட் கொடுத்தா போதும்.

"நான் ஒரு எண்டர்தானே அடிச்சேன், ஏன் இவ்வளவு கேப்?"னு நிறைய பேர் கேக்கிறாங்க. அதுக்குக் காரணம் வேர்டோட டிஃபால்ட். 2003 வரைக்கும் பத்திக்குப் பின்னாடி இடைவெளி பூஜ்யம். 2007-ல 10 பாயிண்ட் இடைவெளி, வரிக்கு 1.15. 2013-ல அது 8 பாயிண்ட், 1.08 ஆச்சு. வேற வேற காலத்து ஃபைல்ல இருந்து துண்டு துண்டா ஒட்டினா, ஒவ்வொரு பத்தியும் தன் பழைய வழக்கத்தைக் கூட்டிட்டு வரும். கன்ட்ரோல் + ஏ கொடுத்து எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, பேரகிராஃப் பாக்ஸ்ல ஒரே எண்ணைக் கொடுத்தா சண்டை முடிஞ்சுது.

நாலாவது, அடுத்த பக்கம் போகணும்னா எண்டரைத் தட்டிக்கிட்டே போகாதீங்க. கன்ட்ரோல் + எண்டர். மேல ஒரு வரி கூடினாலும் குறைஞ்சாலும் அடுத்த பக்கம் அடுத்த பக்கமாவே இருக்கும்.

அஞ்சாவது, கையெழுத்து தனியா போற ஆபத்து. கடைசிப் பத்தியையும் "இடம்", "நாள்" வரிகளையும் செலக்ட் பண்ணி, பேரகிராஃப் பாக்ஸ்ல ரெண்டாவது டேப் போங்க. "கீப் வித் நெக்ஸ்ட்", "கீப் லைன்ஸ் டுகெதர்" ரெண்டையும் டிக் பண்ணுங்க. இனி ஒருவேளை பக்கம் நிறைஞ்சு வழிஞ்சாலும், கையெழுத்து தன் பத்தியையும் கையைப் பிடிச்சு அடுத்த பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகும். வெறுந்தாள்ல கையெழுத்துங்கிற நிலைமை வராது.

பேரு, வயசு, சர்வே எண், விஸ்தீரணம்னு நெடுக்கா வரிசை வர்ற இடத்துல டேப் கூட வேண்டாம், டேபிள் போட்டுட்டு பார்டரை எடுத்துருங்க. கோடு தெரியாது, ஆனா ஒரு பேரு நீளமானா அந்தக் கட்டத்துக்குள்ளயே மடிஞ்சுக்கும். பக்கத்து வரிசையைத் தள்ளாது.

[14:20] கடை கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன் மாறுது?

இவ்வளவு பண்ணியும் கடையில மாறினா, ரெண்டு இடத்தைப் பாருங்க.

ஒண்ணு, பேப்பர் சைஸ். நிறைய லேப்டாப்ல வேர்டு அமெரிக்க லெட்டர் சைஸ்ல திறக்கும், 216-க்கு 279 மில்லிமீட்டர். கடையில இருக்கிறது ஏ4, 210-க்கு 297. ஒரு அங்குல மார்ஜின் விட்டா லெட்டர்ல வரி அகலம் 165 மில்லிமீட்டர், ஏ4-ல 159. அந்த 6 மில்லிமீட்டர்ல ஒவ்வொரு வரியோட கடைசிச் சொல்லும் இடம் மாறும். லேஅவுட் டேப்ல சைஸ் ஏ4-னு முதல் வேலையா மாத்துங்க. டைப் பண்ணி முடிச்ச பிறகு இல்லை.

ரெண்டு, தமிழ் ஃபாண்ட். விண்டோஸ் 2000-ல தமிழுக்கு வந்தது லதா ஃபாண்ட். விண்டோஸ் 8-ல இருந்து நிர்மலா யூஐ. ஃபோன்லயும் லினக்ஸ்லயும் நோட்டோ, லோகித் மாதிரி வேற. நீங்க டைப் பண்ணின ஃபாண்ட் கடையில இல்லைன்னா வேர்டு சத்தமில்லாம வேற ஒண்ணை எடுத்துப் போட்டுக்கும். எழுத்து அகலமும் வரி உயரமும் மாறும். பக்கம் ஒண்ணு ரெண்டாகும். ஃபைல் மெனு, ஆப்ஷன்ஸ், சேவ்ல போய் ஃபாண்டை ஃபைலுக்குள்ளயே பொதிக்கிற ஆப்ஷனை ஆன் பண்ணலாம். பிரிண்ட் எடுக்க மட்டும்தான்னா பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க. அதுதான் நிம்மதி.

[17:00] தமிழுக்கு மட்டும் வர்ற ரெண்டு தலைவலி

இதுவரைக்கும் சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். இனி வர்றது நம்ம பாடு.

முதல் தலைவலி, வரி உயரம். ஒரே பத்தியில தமிழும் ஆங்கிலமும் கலந்து அடிச்சா, தமிழ் இருக்கிற வரி கொஞ்சம் உயரமாவும் ஆங்கிலம் மட்டும் இருக்கிற வரி குட்டையாவும் வரும். வேர்டு தமிழை "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்" கணக்குல வெச்சிருக்கு. ஃபாண்ட் பாக்ஸ்ல அதுக்குத் தனி ஃபாண்ட், தனி சைஸ் கட்டமே இருக்கும். ரெண்டு கட்டத்தையும் பாத்து சரி பண்ணுங்க. அதுக்கும் அடங்கலைன்னா வரி இடைவெளியை "எக்ஸாக்ட்லி"னு வெச்சு எண் கொடுங்க. ஆனா 12 பாயிண்ட் எழுத்துக்கு 12 கொடுத்தா மேல புள்ளியும் மேல்விலங்கும் வெட்டுப்படும், ழு மாதிரி எழுத்தோட கால் காணாமப் போகும். 18-ல தொடங்கிப் பாருங்க.

ரெண்டாவது தலைவலி பெருசு. ஜஸ்டிஃபை. ரெண்டு ஓரமும் கோடு போட்ட மாதிரி இருக்கணும்னு கன்ட்ரோல் + ஜே அமுக்குறோம். அமுக்கினதும் சொல்லுக்கு நடுவுல ஆட்டோ போற அளவுக்கு இடைவெளி. ஏன்?

ஜஸ்டிஃபைன்னா, வரியில மிச்சம் இருக்கிற இடத்தை ஸ்பேஸ்களுக்குப் பங்கு பிரிக்கிறது. ஒரு வரியில 18 மில்லிமீட்டர் மிச்சம்னு வைங்க. ஆங்கில வரியில பன்னெண்டு சொல் இருந்தா பதினோரு இடைவெளி. ஆளுக்கு 1.6 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. தமிழ்ல நாம வேற்றுமை உருபையும் சொல்லோடயே ஒட்டித்தானே எழுதுறோம்? "பத்மநாபபுரத்திலிருந்து"ன்னு ஒரே சொல். "கேட்டுக்கொள்கிறேன்" இன்னொண்ணு. ஒரு வரியில நாலு சொல்தான் இருக்குன்னா மூணே இடைவெளி. ஆளுக்கு 6 மில்லிமீட்டர். பல் விழுந்த வாய் மாதிரி ஆயிரும்.

அப்ப பேப்பர்காரங்க என்ன பண்றாங்க? தமிழ் நாளிதழ் எதையாவது எடுத்து ஒரு குறுகின பத்தியைப் பாருங்க. வரிக் கடைசியில சொல் பாதியில உடையும், மீதி அடுத்த வரியில தொடரும். நடுவுல ஹைஃபன் கோடு கூட இருக்காது. இது நம்ம எழுத்து மரபுக்குப் புதுசு இல்லை. ஓலைச்சுவடியில சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது, ஓலை முடியுற இடத்துல வரி முடியும், மீதி அடுத்த வரியில. சொல்லுக்கு நடுவுல இடம் விடுற வழக்கம் அச்சோட வளர்ந்தது. இந்தியாவுல தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகம்னு சொல்ற "தம்பிரான் வணக்கம்" 1578-ல நமக்குப் பக்கத்துல கொல்லத்துல அச்சானது.

உடைக்கிறதுக்கு ஒரு ஒழுங்கு மட்டும் உண்டு: புள்ளி வெச்ச எழுத்துல புது வரி தொடங்கக் கூடாது. நம்ம ஊர்ப் பேரையே எடுத்துக்கோங்க. "தக்" ஒரு வரி, "கலை" அடுத்த வரி, சரி. "த" ஒரு வரி, "க்கலை" அடுத்த வரி, தப்பு. "நாகர்" "கோவில்" சரி. "நாக" "ர்கோவில்" தப்பு. வாசிக்கும்போது நாக்கு தடுக்குற இடத்துல உடைக்காதீங்க, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர்ல இதை எப்படிச் செய்றது? கேரளாவைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குச் சொல் உடைக்கும் விதிகளை எழுதிக் கொடுத்திருக்கார். டெக் மாதிரி அச்சுக்கோப்பு மென்பொருள்ல அது பயன்படுது, லிப்ரே ஆபீஸுக்கும் நீட்சியா கிடைக்கும். வேர்டுல கையால பண்ணணும்னா, உடையலாம்னு நினைக்கிற இடத்துல கர்சரை வெச்சு 2, 0, 0, ஆங்கில பி எழுத்து அடிச்சு ஆல்ட் + எக்ஸ் அமுக்குங்க. கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத ஒரு ஸ்பேஸ் வரும். தேவைப்பட்டா வேர்டு அங்க உடைக்கும். ஆனா ஒரு எச்சரிக்கை: அப்படிச் செஞ்ச சொல் பின்னாடி தேடும்போது சிக்காமப் போகலாம். அதனால கடைசி அச்சுப் பிரதியில மட்டும் பண்ணுங்க, மூல ஃபைல்ல வேண்டாம்.

என் சிபாரிசு கேட்டா, மனு, லெட்டர், ரெசியூமே இதுக்கெல்லாம் ஜஸ்டிஃபையே வேண்டாம். கன்ட்ரோல் + எல், இடது சீர். வலது ஓரம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஒண்ணும் குறைஞ்சிராது. சொல்லுக்குச் சொல் ஒரே இடைவெளி இருந்தா கண்ணு ஓடும். புத்தகம் போடுறீங்க, உடைக்க நேரம் இருக்குன்னா அப்ப ஜஸ்டிஃபை பண்ணுங்க.

[23:10] பாட்டு அடிச்சா வரி ஏன் இழுபடுது?

இங்க பீர் முகம்மது அப்பா தர்காவுல வருஷாவருஷம் ஞானப்புகழ்ச்சி பாடுவாங்க. அந்த மாதிரிப் பாட்டுகளை, இல்லேன்னா உங்க சொந்தக் கவிதையை, வேர்டுல ஏத்தும்போது ஒரு விசித்திரம் நடக்கும். நாலு சீர் இருக்கிற சின்ன வரி, பக்கத்தோட இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ரப்பர் மாதிரி இழுபட்டு நிக்கும்.

காரணம், ஜஸ்டிஃபை ஆன்ல இருக்கு, வரி முடிவுல ஷிஃப்ட் + எண்டர் அடிச்சிருக்கீங்க. பத்தியோட கடைசி வரியை மட்டும்தான் வேர்டு இழுக்காம விடும். ஷிஃப்ட் + எண்டர் அடிச்சா பத்தி முடியலையே, அப்ப நடு வரின்னு நினைச்சு இழுத்துரும். பாட்டுக்கு இடது சீர் வைங்க, தீர்ந்தது. ஜஸ்டிஃபை இருந்தே ஆகணும்னா ஷிஃப்ட் + எண்டருக்கு முன்னாடி ஒரு டேப் தட்டுங்க, இழுவை நின்னுரும்.

பாட்டு பக்கத்துக்கு நடுவுல வரணும்னு சென்டர் போட்டா, ஒவ்வொரு வரியும் வேற வேற இடத்துல தொடங்கும். எதுகை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்கிற அழகு போயிரும். அதுக்குப் பதிலா பாட்டை முழுசா செலக்ட் பண்ணி, லெஃப்ட் இண்டென்ட் ஒரு 3 சென்டிமீட்டர் கொடுங்க. மொத்தமா நகர்ந்து உக்காரும்.

[25:40] பழைய ஃபைலைத் துப்புரவு பண்றது

ஏற்கனவே ஸ்பேஸ் தட்டி வெச்ச இருபது பக்க ப்ராஜெக்டை என்ன செய்ய? கன்ட்ரோல் + ஹெச். மேல் கட்டத்துல ரெண்டு ஸ்பேஸ், கீழ் கட்டத்துல ஒரு ஸ்பேஸ், ரீப்ளேஸ் ஆல். மாத்த ஒண்ணும் இல்லைன்னு அது சொல்ற வரைக்கும் திரும்பத் திரும்ப. அடுத்தது வெத்து எண்டர்: மேல் கட்டத்துல கூரைக்குறியும் ( ^ ) ஆங்கிலச் சின்ன பி-யும் ரெண்டு தடவை, கீழ் கட்டத்துல ஒரு தடவை. பிரியாத ஸ்பேஸ்னா கூரைக்குறியும் ஆங்கில எஸ்-ஸும், கீழ சாதா ஸ்பேஸ். இதையெல்லாம் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டுப் பண்ணுங்க.

ஒரு பத்தி மட்டும் சொன்ன பேச்சு கேக்காம முரண்டு பிடிச்சா, அதுல கர்சரை வெச்சு கன்ட்ரோல் + கியூ. நீங்க கையால கொடுத்த பத்தி அமைப்பெல்லாம் கழண்டு, ஸ்டைல்ல என்ன இருக்கோ அதுக்குத் திரும்பிரும். எழுத்து அமைப்புக்கு கன்ட்ரோல் + ஸ்பேஸ்.

[27:30] உங்க கேள்விகள்

"தலைப்பு அகலமா தெரியணும்னு எழுத்துக்கு எழுத்து ஸ்பேஸ் விடலாமா?"

வேண்டாம். "ம னு"ன்னு அடிச்சா தேடும்போது "மனு" கிடைக்காது. பார்வையில்லாதவங்க பயன்படுத்துற திரைவாசிப்பான் அதை ஒரு சொல்லா வாசிக்காது. ஃபாண்ட் பாக்ஸ்ல அட்வான்ஸ்டு டேப், ஸ்பேசிங், எக்ஸ்பாண்டட்ல கொஞ்சமா கொடுங்க.

"கேள்விக்குறி மட்டும் தனியா அடுத்த வரிக்குப் போயிருது."

குறிக்கு முன்னாடி ஸ்பேஸ் விட்டிருக்கீங்க. காற்புள்ளி, கேள்விக்குறி, முற்றுப்புள்ளி எதுவா இருந்தாலும் சொல்லோட ஒட்டி அடிச்சு, அதுக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ். நேர்மாறா, "ரூ. 500" மாதிரி பிரியக் கூடாத இடத்துல கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஸ்பேஸ் அடிங்க. அதுதான் அந்தச் சின்ன வட்டம். தெரியாம வந்தா தொல்லை, தெரிஞ்சு வெச்சா உதவி.

"அப்பா காலத்து பாமினி ஃபைல் இருக்கு. எப்படி அலைன் பண்றது?"

அலைன் பண்றதுக்கு முன்னாடி யூனிகோடுக்கு மாத்துங்க. மாத்தினதும் எல்லா அகலமும் மாறும், அதுக்கு முன்னாடி பண்ணின அலைன்மென்ட் வீண். தமிழ்நாடு அரசே 2010-ல யூனிகோடை ஏத்துக்கிட்டாச்சு. பாமினியில வேர்டுக்குத் தெரியுறது வெறும் ஆங்கில எழுத்துதான். அதனால வாக்கியத்தோட முதல் எழுத்தைத் தானா கேப்பிடல் ஆக்கும். பாமினியில சின்ன எழுத்து "க"ன்னா, அதே கீயோட பெரிய எழுத்து "கு". "கடை திறக்கும் நேரம்" அடிச்சா "குடை திறக்கும் நேரம்" ஆயிரும். மாத்தின பிறகு ஒரு தடவை முழுசா வாசிச்சுப் பாருங்க.

"ஃபோன்லயே எல்லாம் பண்றேன். ரூலர் கிடையாதே?"

கையெழுத்து வரிக்கு ரெண்டு கட்டம் உள்ள ஒரு டேபிள் போடுங்க. இடது கட்டம் இடது சீர், வலது கட்டம் வலது சீர், பார்டரை எடுத்துருங்க. அப்புறம் பிடிஎஃப் ஆக்கி, அதை ஃபோன்லயே திறந்து எத்தனை பக்கம்னு பாத்துட்டுக் கடைக்குப் போங்க.

[31:15] முடிக்கிறதுக்கு முன்னாடி

எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம். புது ஃபைல் திறந்தா மூணு விஷயம் மட்டும்: பேப்பர் ஏ4, ¶ குறி ஆன், ஸ்பேஸ் ஒண்ணுக்கு மேல தட்டணும்னு கை போனா நிறுத்திட்டு "இதுக்கு டேப்பா, இண்டென்டா, டேபிளா?"ன்னு ஒரு நொடி யோசிக்கிறது. கடைக்காரருக்கு உங்க மனுவைத் திரும்ப நேர் பண்ற நேரம் மிச்சம், உங்களுக்கு ரெண்டாவது பிரிண்டுக்குக் காசு மிச்சம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, அதுக்கு மேல உங்க வார்த்தை ரெண்டு வரியாவது இருக்கான்னு பாத்துக்கோங்க.

உங்க ஃபைல்ல வேற ஏதாவது அடம் பிடிச்சா குறிகளை ஆன் பண்ணி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பாக்கலாம். வரட்டா மக்களே.